பெருங்குடல் சத்திரசிகிச்சைக்குப் பின் எஞ்சிய புற்றுநோயை இரத்தத்தில் தேடுதல்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளர் 58 வயதானவர். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தை அண்டி வள்ள எஞ்சின்கள் திருத்துவதையே முப்பது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவர். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடிப்பவர். ஒரு பங்குனி மாத இரவில், நான்கு நாட்களாக மலமும் வாயுவும் போகாமல், வயிறு பறைபோல் வீங்கிய நிலையில் மனைவியும் மகளும் அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்தனர். சி.ரி. ஸ்கானில் பெருங்குடலின் இடப்புறக் கீழ்ப்பகுதியை ஒரு கட்டி முற்றாக அடைத்திருப்பது தெரிந்தது. விடியுமுன் சத்திரசிகிச்சை செய்து, கட்டியுள்ள குடற்பகுதியை அகற்றி, குடலின் முனையை வயிற்றுச் சுவரில் வெளியே திறந்து, மலம் சேரும் கொலொஸ்டமிப் பை பொருத்தப்பட்டது. குடும்பத்தின் ஒப்புதலுடனேயே இதை எழுதுகிறேன். வயதையும் சில திகதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வந்த திசுப் பரிசோதனை அறிக்கை, கட்டி குடற்சுவரின் தசைப்படையைக் கடந்திருக்கிறது, வெட்டு விளிம்புகளில் நோய் இல்லை, பரிசோதித்த நிணநீர்க் கணுக்கள் 9இலும் நோய் இல்லை என்றது. அதாவது இரண்டாம் நிலைப் புற்றுநோய். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்திதான். ஆயினும் குறைந்தது 12 கணுக்களையாவது பரிசோதித்தால்தான் "கணுக்களில் நோயில்லை" என்ற கூற்றை நம்பலாம் என்பது பொதுவான அளவுகோல்; நள்ளிரவில், வீங்கிய குடலில் செய்யப்படும் சத்திரசிகிச்சையில் அந்த எண்ணிக்கை குறைவது வழமை. குடல் அடைபட்ட நிலையில் வந்ததும், கணுக்கள் 12க்குக் குறைந்ததும் சேர்ந்து இவரை இரண்டாம் நிலையிலேயே அபாயம் கூடிய பிரிவில் வைத்தன. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் நான்கும் கட்டியில் இருந்தன. அவை இல்லாதிருந்தால் முன்கணிப்பு நல்லதென்றும், குளிசையாகக் கொடுக்கும் புற்றுநோய் மருந்தால் மட்டும் பயன் குறைவென்றும் சொல்லி விடயத்தை அத்துடன் முடித்திருக்கலாம்.

எஞ்சியது ஒரே கேள்வி. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாதது ஏதும் உள்ளே இருக்கிறதா? ஸ்கான் இதற்கு விடை தராது. ஒரு சென்ரிமீற்றர் அளவுள்ள கட்டியிலேயே ஏறக்குறைய 100 கோடி கலங்கள் இருக்கும் என்பது வழக்கமான கணக்கு. சில மில்லிமீற்றருக்குக் கீழுள்ளவை ஸ்கானில் படுவதேயில்லை. ஆகவேதான் இரத்தத்திடம் கேட்கிறோம்.

ஒன்பதாம் நாள் எடுத்த இரத்தம்

இந்த நிகழ்வில் முதற்பிழை என்னுடையது. சத்திரசிகிச்சை முடிந்து ஒன்பதாம் நாள், நோயாளர் வீடு செல்லுமுன், பெருங்குடல் கட்டிகள் இரத்தத்தில் விடும் சி.இ.ஏ. என்ற புரதத்தின் பரிசோதனைக்கு எழுதியவன் நான்தான். விடை மில்லிலீற்றருக்கு 7.8 நனோகிராம். தாளில் அதன் அருகே "5க்குக் கீழ்" என்று அச்சிடப்பட்டிருந்தது. மகள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாட்டுக்கு வெளியே நின்றபடி, "அப்பாக்கு இன்னும் உள்ளுக்கு இருக்கு எண்டுதானே இதுக்கு அர்த்தம், டொக்டர்?" என்று கேட்டார். அப்போது என்னால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. அப்படியொரு கேள்வியை எழுப்பும் பரிசோதனையை அந்த நாளில் எழுதியிருக்கவே கூடாது.

சி.இ.ஏ. என்பது 1965இல் மொன்றியலில் கோல்ட், ஃபிறீட்மன் ஆகிய இருவர் பெருங்குடல் கட்டியில் இனங்கண்ட புரதம். கட்டி அகற்றப்பட்ட மறுநாளே அது இரத்தத்திலிருந்து மறைந்துவிடுவதில்லை. ஈரல் அதனை மெல்ல மெல்லவே அகற்றுகிறது, 3 முதல் 7 நாட்களுக்கு ஒருமுறை அளவு பாதியாகிறது. முற்றாக இறங்க 4 முதல் 6 வாரம் வேண்டும். ஒன்பதாம் நாளில் நாம் அளந்தது எஞ்சிய நோயையா, அகற்றிய கட்டி விட்டுப்போன புரதத்தையா என்று பிரித்தறிய வழியில்லை. போதாக்குறைக்குச் சிகரெட் பிடிப்பவர்களில் சி.இ.ஏ. இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். புகைக்காதவருக்கு 3ஐ எல்லையாகக் கொள்ளும் ஆய்வுகூடங்கள் பல, புகைப்பவருக்கு 5 வரை விட்டுக்கொடுக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சத்திரசிகிச்சைக்கு முந்திய அளவு நம்மிடம் இல்லை. அன்றிரவு குடல் வெடிக்குமோ என்ற பதற்றத்தில் அதைப் பற்றி நினைத்தவர் யாருமில்லை. முந்திய அளவு 60 என்றிருந்தால் 7.8 நல்ல இறக்கம். அதுவே 8 என்றிருந்தால் கதை வேறு.

ஆறாம் வாரம் மீண்டும் பார்த்தோம். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் 4.3. மகள் மனம் ஆறாமல் அதே வாரம் நகரிலுள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்திலும் இரத்தம் கொடுத்திருந்தார், அங்கு 5.9. ஒரே மனிதர், ஒரே வாரம். ஒரு தாள் இயல்பு என்றது, மற்றத் தாள் இயல்புக்கு மேல் என்றது. இரண்டு ஆய்வுகூடமும் பிழை செய்யவில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளும் பிறபொருளெதிரிகளும் இந்தப் புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றுவதால், ஒரு கருவியின் எண்ணை மற்றதன் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் பயமே மிஞ்சும். ஆகவே மகளிடம் ஒரு கணக்குக் கொப்பி வாங்கச் சொன்னேன்: வைத்தியசாலை அளவுகளை நீலப் பேனையாலும், வெளியில் எடுப்பவற்றைச் சிவப்பாலும் புள்ளியிட வேண்டும், கோடு இழுக்கும்போது நீலத்தை நீலத்தோடு மட்டுமே இணைக்க வேண்டும். பாடசாலையில் கணிதம் கற்பிப்பவர் என்பதால் இதை அவர் என்னைவிட நன்றாகவே செய்தார்.

விரல்கள்

அபாயம் கூடிய இரண்டாம் நிலையில் நாளம் வழியே புற்றுநோய் மருந்து ஏற்றுவதா, குளிசையோடு நிறுத்துவதா, எதுவுமே வேண்டாமா என்பது எளிதான முடிவன்று. 2007இல் வெளியான குவாசர் ஆய்வில் 3,239 நோயாளர்கள் பங்கேற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் இரண்டாம் நிலையினர். மருந்தால் அங்கே கண்ட நன்மை, ஐந்தாண்டு உயிர்வாழ்வில் நூற்றுக்கு 3.6 பேர் அளவே. அந்த 3.6 பேருக்காக ஏனையோரும் மருந்தின் துன்பத்தை ஏற்கிறார்கள்.

இவருடைய தொழிலால் அந்தத் துன்பம் அருவமானதாக இருக்கவில்லை. ஒக்சலிப்பிளற்றின் சேர்த்த மருந்து விரல் நுனி நரம்புகளைத் தாக்கும். குளிர்ந்த பொருளைத் தொட்டால் ஊசி குத்துவதுபோல் இருக்கும். சிலருக்கு மரப்பு ஆண்டுக்கணக்கில் நீங்காது. அவர் கிளினிக்குக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து காபரேற்றரின் சிறு பித்தளை ஜெற் ஒன்றை எடுத்துக் காட்டினார். நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது; நடுவே தலைமுடி நுழையும் அளவு துளை. "இதைக் கையால தடவித்தான் ஊத்தை அடைச்சிருக்கா எண்டு பாப்பன். விரல் போனா நான் என்னத்தைச் செய்யிறது?" என்றார். ஐஸ் பெட்டிகள் அடுக்கிய துறைமுகத்தில் நாள் முழுதும் நிற்பவர் வேறு. ஒக்சலிப்பிளற்றின் வேண்டாம், கபெசிற்றபீன் குளிசை போடலாமா என்ற இடத்துக்குப் பேச்சு வந்து நின்றது.

மகள் டி.என்.ஏ. பரிசோதனை பற்றிக் கேட்டது இந்தக் கட்டத்திலேதான். எங்கோ வாசித்திருந்தார். அவர் கேட்டது நியாயமானது. இறக்கும் கலங்கள் தம் டி.என்.ஏ.யின் துண்டுகளை இரத்தத்தில் விடுகின்றன என்பது 1948இலேயே பிரான்சில் மண்டெல், மெற்றே ஆகியோர் காட்டிய செய்தி. கட்டியிலிருந்து வரும் துண்டுகளில் அந்தக் கட்டிக்கே உரிய மாற்றங்கள் இருக்கும். அவை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். சி.இ.ஏ.யைப்போல் பழைய கட்டியின் நிழல் வாரக்கணக்கில் தங்காது. சில வாரங்கள் கழித்தும் அத்துண்டுகள் காணப்படுமாயின், அவற்றை எங்கிருந்தோ யாரோ விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஜீன் ரீயும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் நிலையில் சத்திரசிகிச்சைக்குப் பின் மருந்து பெறாத 178 பேருள் 14 பேரின் இரத்தத்தில் கட்டி டி.என்.ஏ. இருந்தது; அவர்களுள் 11 பேருக்கு நோய் திரும்பியது. டி.என்.ஏ. காணப்படாத 164 பேரில் 16 பேருக்கு மட்டுமே திரும்பியது. அதே குழுவின் டைனமிக் ஆய்வு 2022இல் வந்தது. அதில் 455 பேர். டி.என்.ஏ. காட்டிய வழியில் மருந்து முடிவு செய்யப்பட்ட பிரிவில் 15 சதவீதத்தினரே மருந்து பெற்றனர். வழமையான முறைப் பிரிவில் 28 சதவீதத்தினர். ஈராண்டில் நோய் திரும்பாதிருந்தோர் முறையே 93.5, 92.4 சதவீதம். மருந்து பெறுவோர் தொகை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தும் விளைவு கெடவில்லை.

இவற்றைக் குடும்பத்துக்கு விளக்கும்போது "காணப்படாத 164 பேரில் 16 பேர்" என்ற பகுதியையும் நான் சொன்னேன். சொன்னேன் என்பதற்குக் கிளினிக் கொப்பியில் என் கையெழுத்தே சாட்சி. ஆனால் அந்த வரியை அவர்கள் கேட்ட விதம் வேறு, நான் சொன்ன விதம் வேறு என்பது பின்னரே புரிந்தது.

ஊதாக் குழாய்

இங்கு அந்தப் பரிசோதனை செய்யப்படுவதில்லை. கொழும்பிலுள்ள ஒரு முகவர் மூலம் இரத்தமும் கட்டியின் துண்டு பதித்த மெழுகுக் கட்டையும் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். செலவு சில இலட்சம் ரூபாய்; மகள் நகையை அடகு வைத்தார். முத்திரையளவேயுள்ள அந்த மெழுகுக் கட்டையை நோயியல் பிரிவிலிருந்து கையெழுத்திட்டு வாங்கி, பஞ்சில் பொதிந்து, ஒரு சோப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தோம்.

ஐந்தாம் வாரத்தில் எடுத்த முதல் இரத்தம் வீணாயிற்று. முகவர் அனுப்பியிருந்தது சாதாரண ஊதா மூடிக் குழாய். அத்தகைய குழாயில் எடுத்த இரத்தத்தை ஒருசில மணித்தியாலங்களுக்குள் சுழற்றி, தெளிந்த நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். இல்லாவிடில் வெண்கலங்கள் உடைந்து தம் சொந்த டி.என்.ஏ.யை வெளியே விட, தேடும் துண்டு அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகும். இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு நாள் காத்திருந்த அந்தக் குழாய் ஆய்வுகூடத்தை அடைந்தபோது மறுக்கப்பட்டதில் வியப்பில்லை. கலங்களை உடையாமல் வைத்திருக்கும் விசேட குழாய்கள் பின்னர் வந்தன. ஏழாம் வாரம் மீண்டும் இரத்தம் எடுத்தோம். ஒரு விதத்தில் இந்தத் தாமதம் கெடுதலன்று. சத்திரசிகிச்சைக் காயமே முதல் சில வாரங்களுக்கு உடலின் சாதாரண டி.என்.ஏ.யைப் பெருக்கிவிடுவதால், மிக முந்தி எடுப்பதும் ஏமாற்றலாம்.

ஆனால் மருந்துக்கு அந்தப் பொறுமை இல்லை. தொடங்குவது ஒவ்வொரு நான்கு வாரம் பிந்தும்போதும் இறப்பு அபாயம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுவதாக 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. எனவே எட்டாம் வாரம் முடிவதற்குள் விடை வராவிட்டால் குளிசையைத் தொடங்குவது என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம். வரவில்லை, தொடங்கினோம். விடை பதினொராம் வாரத்தில் வந்தது: "கண்டறியப்படவில்லை". இரத்தம் மருந்துக்கு முன்பே எடுக்கப்பட்டதால் அந்த விடை செல்லுபடியானது. அதற்குள் ஒரு சுற்று முடிந்து, உள்ளங்கைத் தோல் சிவந்து உரியத் தொடங்கியிருந்தது. இரண்டாம் சுற்றோடு நிறுத்திவிடுவோம் என்றார் நோயாளர். நாங்களும் உடன்பட்டோம். டைனமிக் ஆய்வை வைத்துப் பார்த்தால் அது தவறான முடிவன்று.

நீலக் கோடு

அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. எடுக்கப்பட்டது. மூன்றாம் மாதம் கொலொஸ்டமி வாய் வழியாக எஞ்சிய பெருங்குடலைக் கமெராவால் பார்த்தோம். வேறு கட்டி இல்லை. எட்டாம் மாதம் குடல் மீண்டும் இணைக்கப்பட்டது. ஆறாம் மாதம் 4.0. ஒன்பதாம் மாதம் எங்கள் ஆய்வுகூடத்தில் அந்தப் பரிசோதனைக்கான இரசாயனம் தீர்ந்திருந்ததால் வெளியில் எடுத்தார்கள்: 5.8. மனைவி பத்திரகாளி அம்பாளுக்கு நேர்ந்துவிட்டு அழுதுகொண்டே வந்தார். மகளோ கொப்பியைத் திறந்து, அந்தச் சிவப்புப் புள்ளி ஆறாம் வாரச் சிவப்புப் புள்ளிக்குச் சமமாகவே இருப்பதைத் தாயாருக்குக் காட்டினார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் மாதம் நீலத்தில் 4.1.

பதினைந்தாம் மாதம் நீலத்தில் 5.4. எல்லையைச் சற்றே தாண்டிய எண்; தனியே பார்த்தால் சிகரெட் என்று சொல்லி விட்டுவிடலாம். ஓராண்டாக 4ஐச் சுற்றியே நின்ற கோடு, அதே கருவியில், முதன்முறை தலை தூக்கியிருந்தது. நான்கு வாரம் கழித்து மீண்டும் எடுத்தபோது 6.9. ஸ்கானில் ஈரலின் வலப்புறத்தில் 15 மில்லிமீற்றர் அளவில் ஒரே ஒரு கட்டி. நுரையீரலிலும் வயிற்றறையிலும் வேறெதுவும் இல்லை. கொழும்புக்கு அனுப்பப்பட்டு, பதினேழாம் மாதம் அந்த ஈரற்பகுதி அகற்றப்பட்டது. அதே பெருங்குடல் புற்றுநோய்தான், விளிம்புகள் சுத்தம்.

சி.இ.ஏ.யை நான் வீரனாக்க விரும்பவில்லை. 5 என்ற எல்லையில் அது நோய் திரும்பியவர்களுள் ஏறக்குறைய 71 சதவீதத்தினரையே பிடிக்கிறது என்பது, வெளியான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு. 2014இல் வந்த பிரித்தானியாவின் ஃபக்ஸ் ஆய்வில் 1,202 பேர் பின்தொடரப்பட்டனர். குறைந்தபட்சக் கண்காணிப்பில் 2.3 சதவீதத்தினருக்கே, நோய் திரும்பியபின் குணப்படுத்தும் நோக்கில் மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது, சி.இ.ஏ. பார்த்தவர்களில் அது 6.7 சதவீதம். இருப்பினும் இறப்பு எண்ணிக்கை குறைந்ததாகக் காட்டப்படவில்லை. இவரில் அது பயன்பட்டதற்குக் காரணம் ஒரே கருவியில் தொடர்ந்து எடுத்ததும், எல்லையைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்ததும்.

அப்படியானால் ஏழாம் வார டி.என்.ஏ. விடை பொய்யா? இல்லை. பத்து மில்லிலீற்றர் இரத்தத்தில் தெளிந்த நீர் நான்கைந்து மில்லிலீற்றரே. அதில் மிதக்கும் மொத்த டி.என்.ஏ. இருபது முப்பது நனோகிராம். ஒரு நனோகிராமுக்கு ஏறக்குறைய 300 மரபணுத்தொகுதிப் பிரதிகள் என்றால், குழாய்க்குள் இருப்பது சில ஆயிரம் பிரதிகள். கட்டியின் பங்கு இலட்சத்தில் ஒன்றாக இருந்தால் அந்தக் குழாய்க்குள் அது ஒருமுறைகூட வந்து விழாமல் போகலாம். கடலில் ஒரே ஒரு வாளி நீர் அள்ளிவிட்டு அங்கே மீன் இல்லை என்று சொல்ல முடியாது. கொட்பேயில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கட்டியின் பல மாற்றங்களை ஒருசேரத் தேடுவதும், சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் எடுப்பதும் பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். 2019இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வில், தொடர்ந்து எடுத்தபோது டி.என்.ஏ. ஸ்கானைவிடச் சராசரி 8.7 மாதம் முந்திக் காட்டியது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு முறைக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. "உண்டு" என்ற விடையும் எப்போதும் உறுதியானதன்று: கோப்ரா என்ற அமெரிக்க ஆய்வில் டி.என்.ஏ. கண்டறியப்பட்டும் மருந்து பெறாத 7 பேரில் 3 பேருக்கு அடுத்த சோதனையில் அது காணாமற்போயிருந்தது. அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

ஈரல் சத்திரசிகிச்சைக்கு முன் மனைவி என்னிடம் தனியே கேட்டார்: "அந்தக் குளிசையை முழுக்கப் போட்டிருந்தா இது வந்திருக்காதோ, டொக்டர்?" நூற்றுக்கு 3.6 என்ற கணக்கு இப்படிப்பட்ட இடத்தில் வாயில் வராது. முழுக்கப் போட்ட பலருக்கும் திரும்பி வந்திருக்கிறது, விட்ட பலருக்கு வரவேயில்லை, இவர் அதில் எந்தப் பக்கம் என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றேன். அவர் தலையசைத்தார், ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. விடை வந்த நாளில் "கண்டறியப்படவில்லை" என்பதை "இல்லை" என்று அவர்கள் வீட்டில் கொண்டாடியிருக்கிறார்கள், அயலவருக்குப் பாயசம் கொடுத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லைத் தமிழில் விளக்க நான் எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நிமிடம்கூட இராது.

இப்போது நான் வேலை செய்யும் வாட்டில், குடலடைப்போடு யார் எந்நேரம் வந்தாலும், முதல் ஊசி குத்தும்போதே ஒரு குழாய் இரத்தம் கூடுதலாக எடுக்கப்படுகிறது. தெளிந்த நீரைப் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சி.இ.ஏ. சில நாட்களுக்குக் கெடாது. கட்டி என்று உறுதியானபின் ஆறுதலாக ஓட்டலாம். ஒன்பதாம் நாளில் அதை யாரும் எழுதுவதில்லை.

ஐப்பசியில், ஈரல் சத்திரசிகிச்சை முடிந்து ஆறாம் வாரத்துக்குப் பின், நீலத்தில் 2.4. ஓராண்டு முழுவதும் நாங்கள் இயல்பு என்று எழுதிவந்த 4ஐவிட வெகு கீழே. அந்த 4க்குள் ஈரற்கட்டியும் ஏற்கெனவே ஒளிந்திருந்ததா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் ஆடியிலிருந்து சிகரெட்டைத் தொடவில்லை. மகள் கொப்பியில் புதிய பக்கம் தொடங்கி, முதற்புள்ளிக்கு மேலே "சிகரெட் நிறுத்தி மூன்று மாதம்" என்று சிறிய எழுத்தில் குறித்திருக்கிறார். அடுத்த இரத்தம் தை மாதக் கிளினிக்கில்.